ஆயாவின் வருஷக் கணக்கு

அன்புள்ள ஐயா,

என் ஆயாவுக்கு எண்பத்தைந்து நடக்கிறது. பிறந்தது வாணியம்பாடி, வாழ்க்கைப்பட்டது குடியாத்தம். தாத்தா லுங்கித் தறிக்காரர், இப்போது இல்லை. ஆயா நாற்பது வருடம் தார் சுற்றியவர், அதாவது நெய்யும்போது குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்க நூலைச் சிறு குச்சியில் சுற்றிக் கொடுத்தவர். பெங்களூரில் வேலை பார்க்கும் நான் சனி ஞாயிறில் வந்து அவர் வாழ்க்கையைப் பதிவு செய்யத் தொடங்கினேன். எழுபது கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன். ஆனால் வருடங்கள் குழம்புகின்றன. "காமராசர் நம்ம ஊர்ல நின்னாரே, அந்த எலெக்‌ஷன் அப்பதான் எனக்குக் கல்யாணம்" என்றார். அடுத்த வாரம் "மன்மத வருஷம் தை மாசம்" என்றார். இரண்டும் ஒத்துவரவில்லை என்று போனில் தேடிக் காட்டினேன். அன்றிலிருந்து "எனக்கு என்னடா தெரியும், நான் படிச்சவளா" என்று பேச மறுக்கிறார். பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியில் தங்கள் வீட்டுக்குள் வந்தது என்று அவர் சொன்னதும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பழைய சண்டைகளைக் கிளறாதே என்று அம்மா தடுக்கிறார். விவரம் சொல்ல வேறு யாரும் இல்லை, பேரணாம்பட்டில் தாத்தாவின் தங்கை ஒருவர்தான். என் கேள்வி: காலர் மைக் வாங்கலாமா, போனே போதுமா? புத்தகமாக்க எவ்வளவு ஆகும்?

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. கேள்வி கேட்ட ஆளிடம்தான் கோளாறு. எண்பத்தைந்து வயதில் இருப்பவரின் முகத்துக்கு நேரே போனை நீட்டி, நீ சொல்வது தப்பு என்று நிரூபித்திருக்கிறீர்கள். அவர் வாயை மூடிக்கொண்டதில் என்ன அதிசயம்? தன் கல்யாணத்தைப் பற்றிப் பேரன் வைத்த பரீட்சையில் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிறார். கோபம்தான் வருகிறது. ஆனால் லீவு நாளில் ரயில் பிடித்து வந்து ஆயாவுக்கு எதிரில் உட்காரும் பேரன் எத்தனை வீட்டில் இருக்கிறான் என்றும் தோன்றுகிறது. வீட்டுப் பெரியவர்களின் கதையைக் கேட்கப் புறப்படும் பிள்ளைகள் ஏன் எல்லாரும் வருஷத்தில் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள் என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"எந்த வருஷம் ஆயா?" என்ற கேள்வியை இனி கேட்கவே கேட்காதீர்கள். அந்தத் தலைமுறையின் தறிவீட்டுப் பெண்கள் இங்கிலீஷ் வருஷத்தை வைத்து வாழவில்லை. எந்த வீட்டில் இருந்தேன், எந்தப் பிள்ளை இடுப்பில் இருந்தது, கூலி என்ன, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முன்னாலா பின்னாலா, இப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். வருஷம் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. அதையும் அவர் எதிரில் செய்யக் கூடாது.

உங்கள் சிக்கலையே எடுத்துக்கொள்வோம். காமராஜர் குடியாத்தத்தில் நின்றது ஒரே முறை, முதலமைச்சரான பிறகு 1954இல் வந்த இடைத்தேர்தலில். 1957இல் அவர் சாத்தூரில் நின்றார். ஆகவே தேர்தலில் குழப்பம் இல்லை. மன்மத வருஷம் 1955 ஏப்ரலில் பிறந்தது. அதன் தை மாசம் வருவது 1956 ஜனவரியில். நீங்கள் 1955 என்று குறித்து வைத்திருப்பீர்கள். மார்கழிப் பாதியிலிருந்து பங்குனி முடிய அடுத்த இங்கிலீஷ் வருஷத்தில் விழும் என்பதை மறந்து ஒரு வருஷத்தைக் கோட்டைவிடுவது எல்லாரும் செய்கிற தப்பு.

தேர்தலுக்கும் அந்தத் தைக்கும் நடுவே ஒரு வருஷத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அதை ஆயாவின் மறதி என்று தள்ளினீர்கள். கதை அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. "அந்த எலெக்‌ஷன் அப்போ நீ எங்க இருந்த ஆயா, அம்மா வீட்லயா மாமியா வீட்லயா?" என்று கேட்டிருக்க வேண்டும். வாணியம்பாடியில் என்றால், அப்போது பெண் பார்த்துப் பேச்சு மட்டும் முடிந்திருக்கலாம். பரிசம் போட்டுவிட்டு, கையில் பணமில்லாமல் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே போயிருக்கலாம். யார் வீட்டுக்கோ வந்து தங்கியிருந்தபோது தேர்தல் கூட்டத்தைப் பார்த்திருக்கலாம். எழுபது வருஷமாகக் குடியாத்தத்தில் இருப்பவர் கல்யாணத்துக்கு முந்தைய குடியாத்தத்தையும் "நம்ம ஊர்" என்றுதானே சொல்வார்? இரண்டு பேச்சு முட்டினால் எது சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதாக ஒன்றைக் கேளுங்கள்.

வயதுக் கணக்கும் அப்படித்தான். "அப்ப எனக்குப் பதினாறு நடந்துகினு இருந்துச்சு" என்றால் முடிந்தது பதினைந்து. நீங்களும் கடிதத்தில் "எண்பத்தைந்து நடக்கிறது" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

காசை வைத்தும் காலத்தைப் பிடிக்கலாம், ஆனால் ஏமாற்றும். 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தது. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. "லுங்கிக்கு எட்டணா கூலி" என்று ஆயா சொன்னதும் 1957க்கு முன் என்று எழுதிவிடாதீர்கள். ஐம்பது காசை எட்டணா என்றும் இருபத்தைந்து காசை நாலணா என்றும் ஜனங்கள் அதற்குப் பிறகும் வெகுகாலம் சொன்னார்கள். மூணணா, ஒன்னரையணா, தம்பிடி என்று பேச்சு வந்தால் பழைய கணக்கு, ஏனென்றால் அவை பைசாவில் சரியாக விழாது. அங்கேயும் ஓரிரண்டு வருஷம் முன்பின் விட வேண்டும், பழைய காசும் புதுக் காசும் கொஞ்ச காலம் சேர்ந்தே புழங்கின. ஓட்டைக் காலணா அச்சடித்தது 1943 முதல் 1947 வரை, ஆனால் கைமாறிக்கொண்டிருந்தது அதற்கப்புறமும். அதனால் அது 1943க்கு முன் இல்லை என்பதை மட்டும் சொல்லும், எப்போது முடிந்தது என்பதைச் சொல்லாது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் இப்படி இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் இல்லை என்று இரண்டு எல்லை போட்டுக்கொண்டே வந்தால் வருஷம் தானாக நெருங்கும். 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகம் ஒன்று சேர்ந்து உலகம் அழியப்போகிறது என்று பயந்தார்களே, அதைக் கேளுங்கள். அன்று யார் கைக்குழந்தை, யார் வயிற்றில் என்று பதில் வரும்.

பிள்ளைகளை வைத்துக் கணக்கிடுவது காசைவிட நம்பகமானது. அதற்காகப் பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பிறந்த தேதி மே, ஜூன் என்று இருந்தால் அநேகமாக அது தலைமையாசிரியர் போட்டது, ஜூனில் சேர்க்க ஐந்து வயது நிரம்ப வேண்டும் என்பதற்காக. கையைத் தலைக்கு மேல் வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்பதுதான் அன்றைய அளவு. ஜாதக நோட்டு இருந்தால் அதை நம்பலாம். தமிழ் வருஷம், மாசம், நட்சத்திரம் மூன்றும் கிடைத்தால் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தில் ஒன்று அல்லது இரண்டு தேதிதான் மிஞ்சும்.

வெள்ளத்துக்கு வருகிறேன். வாணியம்பாடியைப் பாலாறு அடித்துப்போட்ட பெருவெள்ளம் 1903 நவம்பரில். ஆயா சொல்வது அதைத்தான் என்றால் அவர் அதைப் பார்த்திருக்க முடியாது. பொய்யும் சொல்லவில்லை. அவருடைய ஆயா சொல்லச் சொல்லக் கேட்டு அந்தத் தண்ணீர் இவர் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. "இதை உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல இருக்கும். "அப்போ வீட்ல யார் யார் இருந்தாங்க?" என்று கேளுங்கள். வருகிற பெயர்களில் ஆயா இல்லாவிட்டால் உங்களுக்குப் புரிந்துவிடும், அவருக்கும் சங்கடமில்லை. கேள்விப்பட்டது என்று உங்கள் நோட்டில் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு தலைமுறைச் சேதி கிடைத்திருக்கிறது, சந்தேகமாம் சந்தேகம்!

அந்த எழுபது கேள்விகளையும் கிழித்துப் போடுங்கள். நாற்பது வருஷம் தார் சுற்றியவரிடம் தாரைக் கேட்காமல் வாழ்க்கையைக் கேட்டால் என்ன சொல்வார்? பரணில் ராட்டை கிடந்தால் இறக்கி, ஒரு சிட்டம் நூல் வாங்கி முன்னால் வையுங்கள். தளர்வாகச் சுற்றினால் நெய்யும்போது நூல் சரிந்து சிக்கும், தடிமனாகச் சுற்றினால் நாடாவுக்குள் அடங்காது. கை தானாகப் பேச ஆரம்பிக்கும். ஒரு லுங்கிக்கு எத்தனை தார் ஆகும், நூல் யார் கொண்டுவந்து போட்டது, நாடா நின்றால் தாத்தா யாரைத் திட்டுவார், முதலாளியிடம் முன்பணம் எவ்வளவு நின்றது என்று வேலையை ஒட்டியே போங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட முடியாது, குழித்தறியில் தண்ணீர் ஊறும். "அந்த மாசத்துல அடுப்பு எப்படி எரிஞ்சுது ஆயா?" என்று ஒரே ஒரு கேள்வி போதும், கடன், நகை, சண்டை எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

சண்டைக்காக அம்மா பயப்படுவது நியாயம்தான். ஆயா "இதை எழுதாத" என்றால் எழுதாதீர்கள், அவ்வளவுதான். புத்தகப் பேச்சு இப்போது வேண்டாம்.

போனே போதும். மடித்த துண்டின் மேல் ஒரு முழத்துக்குள் வைத்து, ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஃபேனை நிறுத்துங்கள். பக்கத்தில் பவர்லூம் ஓடினால் கரண்ட் போகும் நேரம் பாருங்கள், வேறு வழியில்லை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். அன்றே இரண்டு நகல் எடுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். எழுதும்போது "வந்துகினு" என்பதை "வந்துகொண்டு" என்று மாற்றினீர்கள் என்றால் எனக்கு இனிமேல் கடிதம் எழுத வேண்டாம். உங்கள் வருஷக் கணக்கெல்லாம் தனி நோட்டில் இருக்கட்டும், ஆயாவின் பேச்சுக்குள் நுழைக்கக் கூடாது.

இந்த ஞாயிறு ஆயாவிடம் எதுவும் கேட்காதீர்கள். பேரணாம்பட்டுப் பாட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள். அண்ணன் கல்யாணத்தை அவர் வேறு மாதிரி சொல்வார். திரும்பி வந்து, "அவங்க இப்படிச் சொல்றாங்களே ஆயா" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனைத் துண்டின் மேல் வையுங்கள். நாத்தனார் சொன்னதை மறுக்க ஆயாவுக்கு உங்கள் உதவி தேவைப்படாது.