மாம்பலம் கால்வாய்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

இந்தக் கால்வாய் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது?
சென்னையில் வள்ளுவர் கோட்டம் பக்கம் ஆரம்பித்து, தி.நகர், சிஐடி நகர், நந்தனம் என்று வந்து அடையாற்றில் விழுகிறது. 5 கி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல்.

வெள்ளைக்காரன் வெட்டிய சாக்கடைதானே, இதற்கு என்ன வரலாறு?
சாக்கடை என்பது இன்றைய நிலைமை. அண்ணா சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளவாக்கில் ஒரு ஏரி கிடந்தது, ஆங்கிலேயர் அதை 'லாங் டேங்க்' என்றே எழுதினார்கள், 1893இல் படகுப் போட்டிகூட நடத்தியிருக்கிறார்கள். 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில், வீட்டுமனை வேண்டுமென்று ஏரியை வற்றவைத்து மனை போட்டார்கள். அதுதான் தியாகராய நகர். அங்கே இருக்கிற பூங்காவுக்குப் பெயர் கொடுத்த பனகல் அரசர்தான் அப்போது முதல் அமைச்சர். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' சாலை இருக்கிறது, லேக்கைத்தான் காணோம். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி நிலத்தில்தான், 1976இல் கட்டியது. முன்பு ஏரியில் தேங்கிய மழைத்தண்ணீர் இப்போது அடையாற்றுக்கு ஓடியாக வேண்டும், அதற்கு மிச்சமிருக்கிற வழி இந்தக் கால்வாய்.

வீடு வாங்குகிறவர்களே, தெருப் பெயரில் ஏரி, தாங்கல் (சின்ன ஏரி), லேக் என்று இருந்தால் நிலத்தை அளந்து போட்ட பழைய புல வரைபடத்தைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

விஜயராகவா சாலையில் ஏன் தண்ணீர் நிற்கிறது?
மேலே சொன்னேனே, ஏரிப் பள்ளம்.

2021 நவம்பரில் ஜி.என்.செட்டி சாலையில் முழங்கால் தண்ணீர், ஏன்?
அதேதான். அடையாறு நிரம்பியிருந்தால் கால்வாய்த் தண்ணீர் வெளியேறவும் வழியில்லை.

இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், மனிதன் வெட்டியதுதானே? இயற்கை ஓடை மாதிரிப் பேசுகிறீர்களே.
ஓடை என்று நான் எங்கே சொன்னேன்? சரி, வாருங்கள். அந்த ஏரியே மனிதன் கட்டியதுதான்! தொண்டை மண்டலத்து ஏரிகள் பெரும்பாலும் சரிவைப் பார்த்துக் கரை போட்டு மழையைத் தேக்கியவை. நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போகும். சரிவு இயற்கை, கரை மனிதன் போட்டது. எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்?

அப்படியென்றால் செயற்கை என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.
சுவர் செயற்கை. அடையாற்றை நோக்கிய சரிவையும் மாநகராட்சியா போட்டது?

இன்னும் ஆழமாகத் தோண்டினால் தீராதா?
கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், ஆற்றின் மட்டத்துக்குக் கீழே தோண்டினால் அது குட்டை, கால்வாய் அல்ல. குப்பையை அள்ளினாலே பாதி தீரும்.

மாம்பலம் என்ற பெயர் எப்படி வந்தது?
இதைக் கேட்பதில் நீங்கள் மூன்றாவது ஆள். கல்வெட்டு படித்தவர்களைக் கேளுங்கள்.

ஓட்டேரி நல்லா என்கிற ஓடையும் இதில்தான் சேருகிறதா?
இல்லை. அது வடக்கே, பக்கிங்ஹாம் கால்வாயில்.

சிஐடி நகரில் கால்வாயை ஒட்டி ஒரு ஃபிளாட், விலை குறைவு, வாங்கலாமா?
புல வரைபடம் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு நவம்பரில் ஒரு நல்ல மழை நாளில் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். தரகர் மார்ச்சில்தான் கூட்டிப் போவார்.