ட்விஸ்டுக்கு ஓர் உடம்பா?

கேள்வி: குறும்படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதியிருக்கிறேன். 16 வயதாகியும் நாயகிக்கு மாதவிடாய் வரவில்லை. பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், அவள் இடையிலிங்கத்தவர் என்று அவளுடைய அப்பாவிடம் சொல்கிறார். அதுதான் ட்விஸ்ட். கடைசியில் ஆபரேஷன் முடிந்து சிரித்தபடி வீடு திரும்புகிறாள். படித்துப் பார்த்த தோழி (சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்), “மாற்றுத்திறனாளிகளின் உரிமைப் பார்வையைத் தெரிந்துகொண்டு எழுது” என்றார். இடையிலிங்கத்தவரான நண்பரோ, “என்னை ஏன் மாற்றுத்திறனாளி ஆக்குகிறீர்கள்?” என்று கோபித்துக்கொண்டார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேளுங்கள். அவர்களுக்குள் சண்டையே இல்லை. இருவருக்கும் சண்டை உங்கள் திரைக்கதையோடுதான்.

குரோமோசோம், ஹார்மோன், உறுப்பு அமைப்பு ஆகியவற்றில் ஆண், பெண் என்ற வழக்கமான அச்சுக்குள் அடங்காமல் பிறப்பவர்கள் இடையிலிங்கத்தவர். திருநர் (திருநங்கை, திருநம்பி) என்பது வேறு. அதைப் போட்டுக் குழப்பாமல் விட்டீர்களே, அதுவரை நிம்மதி. இவர்களில் சிலருக்கு மருந்து கட்டாயம் தேவை. அட்ரினல் சுரப்பி சார்ந்த ஒரு வகையில், உடலில் உப்புச்சத்து குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆனால் பலருக்கு உடல் உபாதை எதுவும் கிடையாது. ஒரு உபாதையும் இல்லாதவரிடம் ‘உனக்குக் குறை’ என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

தோழியும் அவரைக் குறையுள்ளவர் என்று சொல்லவில்லை. 2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தம், உடலின் குறைபாட்டோடு சமூகத்தின் தடைகளும் சேரும்போதுதான் ஒருவரால் முழுமையாகப் பங்கேற்க முடியாமல் போகிறது என்கிறது. படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடத்தில் திருத்த வேண்டியது கட்டடத்தை. அதே ஒப்பந்தத்தின் 17ஆவது பிரிவு, ஒருவரின் உடலையும் மனதையும் உள்ளபடி மதிக்கச் சொல்கிறது. அதன் கண்காணிப்புக் குழு 2015இல் ஜெர்மனியை ஆய்வு செய்தபோது இடையிலிங்கக் குழந்தைகளின் நிலையையும் எழுப்பியது. பெயர்ப்பலகை எதுவானாலும், ‘முதலில் உன் உடம்பைச் சரிசெய்’ என்ற அதட்டல் இரு தரப்புக்கும் பழக்கமானது.

இனி அந்த ஆபரேஷன். எதற்காக? கதையில் பதிலே இல்லை. அவளுக்கு வலியா, ஆபத்தா, எதுவும் நீங்கள் எழுதவில்லை. பார்வையாளருக்கு ஒரு முடிவு வேண்டும், அதற்காக அவள் கத்திக்குக் கீழே படுக்கிறாள். நிஜத்தில் இத்தகைய அறுவைச் சிகிச்சைகளால் தொடு உணர்ச்சி இழந்தவர்கள் உண்டு. இனப்பெருக்கச் சுரப்பிகளை அகற்றியதால் ஆயுள் முழுக்க ஹார்மோன் எடுப்பவர்கள் உண்டு. தள்ளிப்போட முடிந்த சிகிச்சையைக் குழந்தையின் சம்மதமின்றிச் செய்ய 2015இலேயே மால்டா தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் தீர்ப்பளிக்க, அதே ஆண்டு தமிழ்நாடு அரசும் உயிராபத்து நேரும் சூழல் தவிர மற்றபடி குழந்தைகளுக்கு இதைத் தடை செய்தது. நீங்கள் ‘சுபம்’ போடும் இடத்தில்தான் இடையிலிங்கத்தவர்கள் வழக்குத் தொடுக்கிறார்கள்.

டாக்டர் அப்பாவிடம் சொல்லும் காட்சியை மட்டும் வெட்டிவிடாதீர்கள். பிள்ளையிடம் மறைக்கும்படி பெற்றோருக்கு மருத்துவர்களே பல காலம் அறிவுரை சொன்னது உண்மை. ஆனால் உங்கள் கேமரா அப்பாவின் அதிர்ச்சியையே பார்க்கிறது. அவளைப் பற்றி அவளுக்கே கடைசியில்தான் தெரிகிறது, அதுவும் நமக்குத் தெரிந்த பிறகு! கேமராவைக் கதவுக்கு வெளியே காத்திருக்கும் அவள் பக்கம் வையுங்கள். அதே காட்சி அப்போது ஒரு அநியாயமாகத் தெரியும்.

செய்தி ஊடகங்களும் இதையே செய்தன. 2009இல் பெர்லினில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற தென்னாப்பிரிக்க வீராங்கனை காஸ்டர் செமன்யாவுக்கு அப்போது 18 வயது. அவர் பெண்தானா என்று கேட்டு உலகமே அவருடைய உடலைக் கூறுபோட்டுப் பேசியது. தான் ஒரு பெண் என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

திருத்திய பிரதியை நண்பரிடம் கொடுக்கும்போது, ஆலோசகர் என்று டைட்டிலில் பெயரும் கையில் சம்பளமும் உண்டு என்று சொல்லியே கொடுங்கள். அவர் மறுத்தால் காரணம் கேட்காதீர்கள். இடையிலிங்கத்தவரே நடத்தும் அமைப்புகளை அணுகுங்கள். படப்பிடிப்புக்கு நாள் குறிப்பது அதற்கப்புறம்.