கற்றுக்கொடுக்கவே கற்பது: வேதப் பாட ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி: ஸ்தோத்திரம் ஐயா. வேதாகமத்தை இரண்டு தடவை முழுசா வாசிச்சிருக்கேன். ஆனா வாலிபர் கூட்டத்துல பேச எழுந்தா பத்தே நிமிஷத்துல சரக்கு தீர்ந்துடுது. எங்கே தப்பு?

ஸ்தோத்திரம் தம்பி. நிறைய வாசித்திருக்கிறீர்கள், ஒன்றிலாவது ஊறவில்லை, அவ்வளவுதான். பிலிப்பியர் நிருபத்தை எடுங்கள். நான்கு அதிகாரம், 104 வசனம். வாய்விட்டு வாசித்தால் இருபது நிமிஷத்துக்குள் முடியும். ஒரு வாரம் தினமும் முழுசாக வாசியுங்கள். யார் எழுதுகிறார், எந்த நிலைமையில், எந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது என்று நோட்டில் குறியுங்கள். பவுல் காவலில் இருக்கிறார் என்பது 1:13-லேயே தெரியும். அப்படிப்பட்டவர் எழுதியதில் ‘சந்தோஷம்’ எத்தனை இடத்தில் வருகிறது என்று நீங்களே எண்ணுங்கள்.

அதன்பின் 4:13-க்கு வாருங்கள். “எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.” பிளஸ் டூ பரீட்சை வந்தால் பிள்ளைகளுக்கு நாம் எழுதிக்கொடுக்கிற வசனம். ஆனால் 11, 12-ஆம் வசனங்களில் பவுல் பேசுவது பசியையும் நிறைவையும், தாழ்வையும் வாழ்வையும் பற்றி. ‘எல்லாவற்றையும்’ என்றால் அந்த நிலைமைகள் எல்லாவற்றையும். மார்க் வரும் என்று இந்த வசனத்தைக் காட்டி வாக்குக் கொடுத்தால், மார்க் வராத அன்று அந்தப் பிள்ளை வசனத்தையே சந்தேகப்படும். வசனம் எடுக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் பத்து வசனம் வாசித்துவிடுங்கள். எஸ்றா 7:10-ல் உள்ள வரிசையும் முக்கியம்: ஆராய்ந்து, அதன்படி செய்து, பிறகுதான் உபதேசிப்பது.

பர்கூரிலிருந்து ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணு பேரும் ஒரே கடவுள்ங்கற திரித்துவத்துக்கு தண்ணி, ஐஸ், நீராவின்னு உவமை சொல்லித்தர்றேன். பிள்ளைங்களுக்கு டக்குனு புரியுது. சரிதானே ஐயா?

விட்டுவிடுங்கள் அம்மா. தண்ணீர் ஐஸாகிவிட்டால் அது தண்ணீராக இல்லை. ஒரே கடவுள் மூன்று வேஷம் மாற்றிக்கொள்கிறார் என்றுதான் பிள்ளை மனசில் பதியும். மூன்றாம் நூற்றாண்டில் சபெல்லியு என்பவர் பேரால் பரவிய போதனை அதுவே. சபை அதைத் தள்ளிவிட்டது. சூரியன், வெளிச்சம், வெப்பம் என்ற உவமையும் மறுபக்கம் சறுக்கும்: வெளிச்சம் சூரியன் ஆகாதே, அப்போது குமாரன் பிதாவைவிடக் குறைந்தவராகிவிடுவார். குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம் கி.பி. 325-ல் அறிக்கையிட்டதற்குக் காரணமே இப்படி ஒரு சறுக்கல்தான்.

உவமைக்குப் பதில் மத்தேயு 3:16, 17-ஐப் படம் வரையச் சொல்லுங்கள். குமாரன் ஆற்றிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல் இறங்குகிறார், பிதாவின் சத்தம் வானத்திலிருந்து கேட்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில். பிறகு மனப்பாடமாக நான்கு வரி: கடவுள் ஒருவரே. பிதா கடவுள், குமாரன் கடவுள், பரிசுத்த ஆவியானவர் கடவுள். பிதா குமாரன் அல்ல, குமாரன் ஆவியானவர் அல்ல. மூவரும் என்றென்றும் இருக்கிறவர்கள். இதற்கு மேல் புரியாதது புரியாமலே இருக்கட்டும். எட்டு வயசுப் பிள்ளை அதைத் தாங்கும்.

அரூரிலிருந்து: புதுசா வர்ற ஒருத்தருக்கு யோவான் 3 எடுத்தேன். ‘மறுபடியும் பிறக்கணும்’னதும், “மறுஜென்மமா சார்?”னு கேட்டுட்டார்.

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். அந்த அதிகாரத்தில் இயேசுவிடம் பேச வந்த நிக்கொதேமுவே 4-ஆம் வசனத்தில் தடுமாறுகிறார். ‘செத்தபின் அல்ல, உயிரோடு இருக்கும்போதே, கடவுள் தருகிற புது வாழ்வு’ என்று சொல்லிவிட்டு 5 முதல் 8 வரை வாசிக்க வையுங்கள். ‘பாவம்’ என்ற வார்த்தையும் அப்படித்தான். ‘ஐயோ பாவம்’ என்று தினம் சொல்கிற ஊர் நம்முடையது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லுக்கு அடியில் குறி தவறுதல் என்ற கருத்து இருக்கிறது, அங்கிருந்து ஆரம்பியுங்கள். கிருபை, இரட்சிப்பு, நீதிமான் மூன்றையும் வீட்டுப் பேச்சில் ஒவ்வொரு வரியாக எழுதி வைத்துக்கொண்டு பாடத்துக்குப் போங்கள்.

தளியிலிருந்து: வர்றவங்க வீட்டுல கன்னடம், தெலுங்கு. எழுதப் படிக்கத் தமிழ்தான்.

தமிழில் வாசியுங்கள். கடைசிப் பத்து நிமிஷம், கேட்டதை வீட்டு மொழியில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே புரியவில்லை என்று அர்த்தம்.

ஓசூர், ஷிப்ட் வேலை: ரெண்டு தம்பிங்களை வேதப் பாடத்துல நடத்துறேன். மூணு பேருக்கும் வேற வேற ஷிப்ட். ஒருத்தன் சுகர் மாத்திரையை நிறுத்தி விசுவாசத்துல நிக்கலாமான்னு கேக்குறான்.

முதலில் மாத்திரை: நிறுத்தக் கூடாது, இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர் (கொலோசெயர் 4:14). ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. மருந்து விஷயத்தை டாக்டரிடம் விடுங்கள்.

சந்திப்புக்குக் கிழமை குறிக்காதீர்கள், ஷிப்ட் அட்டவணை வந்ததும் அந்த வாரத்தின் நேரத்தைக் குறியுங்கள். ஒரு மணி நேரம் போதும். போன வாரம் செய்வதாகச் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டு ஆரம்பியுங்கள். இதை விட்டால் பாடம் வெறும் பேச்சாகிவிடும். பணம் கடன் கொடுக்கல் வாங்கல் அந்த உறவுக்குள் வரவே கூடாது.

காவேரிப்பட்டினத்திலிருந்து: ஒருத்தர் பாடம் எடுக்கத் தயாராயிட்டார்னு எப்படித் தெரியும்?

2 தீமோத்தேயு 2:2-ல் நான்கு தலைமுறை இருக்கிறது: பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ளவர்கள், மற்றவர்கள். ஆகவே அவர் மூன்றாவது ஆளுக்குப் பாடம் எடுக்கட்டும்; நீங்கள் பின்னால் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். அவருக்குத் தெரியாத கேள்வி வந்தால் “பார்த்துச் சொல்கிறேன்” என்கிறாரா, வாய்க்கு வந்ததை அடித்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். முதலாவதைச் சொல்கிறவரிடம் தைரியமாக ஒப்படைக்கலாம். திருத்த வேண்டியது இருந்தால் கூட்டத்தில் வேண்டாம். ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும், ஜெப ஆலயத்தில் பேசிய அப்பொல்லோவைத் தனியே சேர்த்துக்கொண்டு போய்த்தான் விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26). நீங்களும் வீட்டுக்கு அழைத்து, டீ கொடுத்துச் சொல்லுங்கள்.