சைடர் பண்ணைக்கு எப்போது போகலாம்?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். இலையுதிர் காலத்தில் ஆப்பிள் தோட்டமும், ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து சைடர் என்ற மது செய்யும் பண்ணையும் பார்க்க ஆசை. குழந்தைகளோடு எங்கே, எப்போது போகலாம்?

பதில்: நியூயார்க் மாநிலத்து ஃபிங்கர் லேக்ஸ் ஏரிப் பகுதிக்குப் போங்கள், அதுவும் அக்டோபரில். செப்டம்பரிலேயே பறிப்பு தொடங்கிவிடும், ஆனால் அந்த மாநிலத்திலேயே பிறந்த நார்தர்ன் ஸ்பை மாதிரி ஆப்பிள் ரகங்கள் தாமதமாகத்தான் பழுக்கும், அவற்றை விட்டுவிட்டு வரக் கூடாது. அங்கே இன்டர்லேக்கன் என்ற ஊரில் 'குட் லைஃப் ஃபார்ம்' பண்ணைக்குள்ளேயே ஃபிங்கர் லேக்ஸ் சைடர் ஹவுஸ் இருக்கிறது, ஒரே இடத்தில் சாப்பாடும் சைடரும் கிடைக்கும்.

நல்ல சைடருக்கான பழங்கள் பல கடித்துத் தின்ன லாயக்கில்லாதவை. கடுக்காயைக் கடித்ததுபோல் வாய் இழுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்புதான் புளித்த பிறகு சைடருக்கு நாக்கில் உணரும் கனத்தைத் தருகிறது. அதனால் முதலில் இனிப்பில்லாத 'டிரை' வகையைக் கேளுங்கள், பழத்தின் குணம் அதில்தான் துல்லியமாகத் தெரியும். அங்கே 'ஃபார்ம் சைடரி' (பண்ணை சைடர் ஆலை) உரிமம் வாங்கியவர்கள் அந்த மாநிலத்தில் விளைந்த பழத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். எனக்கு மிகவும் பிடித்த விதி அது!

பறிக்கும்போது பழத்தை வெடுக்கென்று இழுக்காதீர்கள், உள்ளங்கையில் ஏந்தி மேலே தூக்கித் திருகினால் காம்போடு வந்துவிடும். இழுத்தால் அடுத்த வருட மொட்டும் சேர்ந்து ஒடியும். அப்புறம், குழந்தைகளுக்குப் புளிக்காத சாறு தனியாகக் கிடைக்கும். புளித்தது 21 வயது ஆனவர்களுக்குத்தான், அடையாள அட்டை கேட்பார்கள். வண்டி ஓட்டுபவர் குடிக்க வேண்டாம்.