காட்டுப்பன்றிக்கு .30-30 போதும்

தம்பி, தம்பலகாமத்தில் இருந்து போய் டெக்சாஸில் பண்ணை பார்க்கும் நீங்கள் .30-30, .44 மேக்னம், .45-70 என்ற மூன்று தோட்டா வகைகளில் எதைச் சுடும் லீவர் ரைபிள் (விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை அசைத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி) வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் .30-30 வாங்குங்கள். 170 கிரெயின் (சுமார் 11 கிராம்) எடையுள்ள குண்டு 150 யார் தூரம் வரை பன்றியை விழுத்தும். .45-70இன் பலத்தில் குறையே இல்லை, ஆனால் உதைப்பு அதிகம். கூட்டமாக வரும் பன்றிகளுக்கு இரண்டாவது வெடி விரைவாக வேண்டும். அடர்ந்த பற்றைக்குள் கிட்ட நின்று சுடுவதென்றால் மட்டும் .44 மேக்னம்.

ஒன்றை மறக்கவே வேண்டாம். லீவர் ரைபிளில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மகசினில் ஒரு குண்டின் முனை, முன்னால் உள்ள தோட்டாவின் அடியில், நெருப்புப் பற்றும் இடத்திலேயே முட்டி நிற்கும். கூர்முனை உலோகக் குண்டு போட்டால் உதைப்பில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். தட்டைமுனைக் குண்டு, அல்லது லீவர் ரைபிளுக்கென்றே செய்த மென்முனைக் குண்டு மட்டும் வாங்குங்கள்.

நம் வயற்கரைகளில் பன்றி உரித்தவர்கள் அறிவார்கள்: முதிர்ந்த கடுவனின் தோளில் கத்தி இறங்கவே மறுக்கும் தடித்த தோல் இருக்கும். இதயமோ மானுக்கு இருப்பதைவிடத் தாழ்வாக, முன்னால் இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்கு நேர் மேலே, உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள்.

அப்பாவின் வயலுக்கும் இதே ரைபிள் வேண்டாம். இங்கே இலங்கையில் பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதிப்பத்திரத்துடன் கொடுப்பது சன்னங்கள் சுடும் ஷொட்கன்தான்.