250 ரூபாய் கண்டிஷனருக்கும் 900 ரூபாய் கண்டிஷனருக்கும் உட்பொருள்களில் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா?

"சல்ஃபேட் இல்லை, சிலிகான் இல்லை என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டுமா?" என்றும் கேள்விக்குக் கீழே கேட்டிருக்கிறீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, பின்பக்கப் பொடி எழுத்தைப் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்து, தலை சுற்றிப்போய் இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் முடி டாக்டரும் இல்லை, ரீல்ஸ் போடுகிறவனும் இல்லை. புதுச்சேரிப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில், அடுத்தவர் பிராண்டுக்கு ஷாம்புவும் கண்டிஷனரும் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனியில் பதினோரு வருடம் க்யூசியில், அதாவது தரப் பரிசோதனையில், இருந்தவன். கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். "கம்பெனிக்காரன் கம்பெனிக்குத்தான் பேசுவான்" என்று கமெண்ட் எழுதத் தயாராக இருப்பவருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: என் பி.எஃப். பணத்துக்கே நான் ஏழெட்டு நடை நடந்தவன். அவர்களுக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒரு அவசியமும் இல்லை.

கண்டிஷனர் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் லேபிளில் பாதி புரிந்துவிடும். பெரிய கெட்டிலில் தண்ணீரை 75, 80 டிகிரிக்குச் சூடாக்குவோம். அதில் செட்டியரில் ஆல்கஹால் என்ற ஒன்றைப் போடுவோம். ஆல்கஹால் என்றதும் சாராயம் நினைவுக்கு வரும், ஆனால் இது மெழுகுவர்த்தியைச் சீவிப் போட்டதுபோல வெள்ளைச் செதில். முடியைக் காயவைக்காது, வழவழப்புத்தான் கொடுக்கும். அடுத்து பெஹென்ட்ரைமோனியம் அல்லது செட்ரிமோனியம் என்று தொடங்கும் ஒன்று. கண்டிஷனரில் உண்மையாக வேலை செய்கிற ஆள் இதுதான். முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கும், அடிபட்ட முடியில் இன்னும் அதிகம். இந்தப் பொருளுக்கு நேர்மின்னூட்டம். அதனால்தான் எங்கே முடி கெட்டிருக்கிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது, தண்ணீர் ஊற்றினாலும் முழுதாகப் போவதில்லை. துணி அலசும்போது கடைசியாக ஊற்றுகிறோமே, அந்த மென்மையாக்கும் திரவமும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான்.

கலக்கக் கலக்க எல்லாம் சேர்ந்து வெள்ளைக் கூழ் ஆகிவிடும். 45 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு வாசனை, கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவ், மூலிகை எக்ஸ்ட்ராக்ட். கடைசியில் சிட்ரிக் ஆசிட் விட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச்சை நான்கு, நாலரைக்குக் கொண்டுவருவோம். அந்த மீட்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. கெட்டிலில் இருப்பதில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர்.

இங்கே ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். 500 கிலோ பேட்ச் ஒன்றுக்கு வாசனைத் திரவியம் கேனில் வரும். வெங்காய எக்ஸ்ட்ராக்ட் ஒரு பீக்கரில் வரும். பாட்டிலின் முன்பக்கத்தில் எது படமாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரே பேஸை, அதாவது அந்த வெள்ளைக் கூழை, இரண்டு பிராண்டுக்குக் கொடுத்ததும் உண்டு. வாசனை வேறு, நிறம் வேறு, பாட்டில் வேறு. கடையில் ஒன்றின் விலை மற்றதைப்போல மூன்று மடங்கு. எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, அப்படி எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். உண்மையிலேயே காசு செலவழித்து நல்ல சரக்குப் போடச் சொன்ன வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். செட்ரிமோனியத்தில் கார்பன் சங்கிலி 16, பெஹென்ட்ரைமோனியத்தில் 22. சங்கிலி நீளமாக இருந்தால் முடியில் நன்றாகப் படியும், விலையும் கூடும். சிலிகானிலும் அப்படித்தான். சாதாரண டைமெதிகோன் முடி முழுக்கப் படலம்போலப் பூசிக்கொள்ளும். அமோடைமெதிகோன் அடிபட்ட இடமாகப் பார்த்து உட்காரும். விலை அதிகமான பாட்டிலில் பெஹென்ட்ரைமோனியமும் அமோடைமெதிகோனும் உட்பொருள் பட்டியலில் மேலே இருந்தால் கொடுத்த காசுக்கு ஏதோ நியாயம் உண்டு. இல்லையென்றால் பாட்டிலுக்கும் விளம்பரத்துக்கும்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

இப்போது சல்ஃபேட் விஷயம். இது எனக்கு ஆறாத புண்.

என் அக்கா மகள் சென்னையில் ஐடியில் இருக்கிறாள். என் மடியில் உட்காரவைத்துக் காது குத்திய பெண். போன வருடம் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ஒரு பாட்டிலைக் குப்பையில் போட்டாள். பாதிகூடத் தீரவில்லை. எடுத்துப் பார்த்தேன், பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட் போட்ட அருமையான சரக்கு.

"ஏன் பாப்பா இத தூக்கிப் போட்ட?"

"சல்ஃபேட் இருக்கு மாமா. ரீல்ல சொன்னாங்க."

பெயரில் சல்ஃபேட் என்று முடிந்தாலும் இது நுரைக்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் கிடையாது, அழுக்கெடுக்கும் வேலையே இதற்கு இல்லை, முடிக்கு இதமான பொருள் என்று பொறுமையாகச் சொன்னேன். கண்டிஷனரில் 'சல்ஃபேட் இல்லை' என்று எழுதுவது, இட்லி மாவு பாக்கெட்டில் 'முட்டை சேர்க்கவில்லை' என்று எழுதுவதுபோலத்தான் என்றும் சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்களுக்கு அப்டேட் தெரியாது மாமா" என்றாள். அடுப்படியிலிருந்து அக்கா வேறு, "விடுடா தம்பி, அவ இன்ஜினியரிங் படிச்சவ" என்றாள்.

அந்த வார்த்தையை இன்னும் மறக்கவில்லை. பிஎஸ்சி கெமிஸ்ட்ரி என்றால் வேறு எதுவும் கிடைக்காமல் சேர்ந்த படிப்பு என்றுதான் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். சிவில் இன்ஜினியரிங் முடித்துக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவளுக்கு ஷாம்பு தெரியும், டைட்ரேஷன் செய்தே கை கறுத்துப்போனவனுக்குத் தெரியாது! எனக்குப் பெண் பார்த்த காலத்திலும் இதே கதைதான். "மேல ஒன்னும் படிக்கலியா?" என்று மூன்று வீட்டில் கேட்டார்கள். சரி, கேள்விக்கு வருகிறேன்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு இன்ஸ்டாகிராமில் யாரோ வீட்டில் செய்து விற்பதை வாங்கினாள். செம்பருத்தி, வெந்தயம், கற்றாழை, 'பிரிசர்வேட்டிவ் அறவே இல்லை'. தண்ணீர் இருக்கிற பொருளில் பிரிசர்வேட்டிவ் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வகம் தேவையில்லை. நேற்றைய ரசத்தை வெளியே வைத்துவிட்டு இன்று மூடியைத் திறந்து பாருங்கள். சித்திரை வெயிலில் பாத்ரூமில் இருந்த பாட்டில் ஒரே மாதத்தில் மூடிக்குள் கறுப்புப் புள்ளி விட்டது. அவள் என்னிடம் சொல்லவில்லை. அக்காதான் வாய்தவறிச் சொன்னாள்.

பிரிசர்வேட்டிவில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மெத்தில்ஐசோதயசோலினோன். இது சிலருக்குக் கழுத்திலும் நெற்றியோரத்திலும் அரிப்பைக் கொடுக்கும். 2013இல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் இதைத்தான் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. அரிப்பு வந்தால் முதலில் இந்தப் பெயரைத் தேடுங்கள், பிறகு தோல் டாக்டரைப் பாருங்கள்.

சிலிகான் பயம் பாதி காரணம் மாறி வந்த பயம். ஐரோப்பாவில் 2020 ஜனவரி இறுதியிலிருந்து, அலசிவிடும் பொருள்களில் சைக்ளோபென்டாசிலோக்சேன் என்ற சிலிகான் 0.1 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கக் கூடாது. அது நீர்நிலைகளுக்காகப் போட்ட தடை, தலைமுடிக்காக இல்லை. உங்களுக்குச் சுருட்டை முடியோ மெல்லிய முடியோ இருந்து, சிலிகான் போட்டால் எண்ணெய் வழிந்ததுபோலப் படிந்துவிடுகிறது என்றால் தவிர்த்துவிடுங்கள். மற்றபடி அடுத்த முறை போடும் ஷாம்புவில் பெரும்பாலும் போய்விடும்.

லேபிள் படிக்க ஒரே ஒரு தந்திரம் சொல்கிறேன். நம் நாட்டு காஸ்மெடிக்ஸ் விதிகள், 2020இன்படி 1 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவு இறங்குவரிசையில் எழுத வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்சிஎத்தனால் என்ற பிரிசர்வேட்டிவை 1 சதவீதத்துக்கு மேல் போட மாட்டார்கள். ஆகவே பட்டியலில் அந்தப் பெயருக்குப் பின்னால் வருவதெல்லாம் அந்த பீக்கர் ஜாதி. ஆர்கன் எண்ணெய், கெரட்டின், அரிசித் தண்ணீர் எல்லாம் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். இரண்டு பாட்டிலிலும் முதல் ஐந்து பெயர் ஒன்றாக இருந்தால் விலை குறைந்ததை எடுங்கள். 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கு இந்தப் பட்டியலே கட்டாயமில்லை. பெட்டிக்கடையில் தொங்கும் சாஷேயில் தேடி ஏமாறாதீர்கள். (ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து விற்ற முன்னோடி எங்கள் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.)

"தேங்காய் எண்ணெய் இருக்க இதெல்லாம் எதற்கு?" என்று யாராவது வருவார்கள். முடிக்குள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதில் தேங்காய் எண்ணெய் சூரியகாந்தி எண்ணெயையும் மினரல் ஆயிலையும்விட மேல் என்று 2003இல் ஒரு ஆய்வு வந்தது. எண்ணெய் விற்கும் கம்பெனியின் ஆய்வகத்திலிருந்தே வந்த ஆய்வு என்றாலும் நான் நம்புகிறேன். ஆனால் அதைக் குளிக்கும் முன் தடவ வேண்டும். குளித்த பிறகு சிக்கெடுப்பது கண்டிஷனரின் வேலை. இரண்டும் வேறு. என் மனைவி இரண்டையும் போடுகிறாள், அதுவும் 250 ரூபாய் பாட்டில்தான்.

வேர்க்கால் வரை தேய்க்காமல், காதுக்குக் கீழே மட்டும் போட்டு இரண்டு நிமிடம் விட்டு அலசுங்கள்.

இன்பாக்ஸில் சாம்பிள் கேட்கப் போகிறவர்களுக்கும், கல்யாண வீடுகளில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் சொந்தங்களுக்கும்: நான் அந்த வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது.