கேள்வி – பதில்: கல்யாணம் முதலில், காதல் அப்புறம்

கேள்வி: 1870களில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நடக்கும் காதல் நாவல் ஒன்று படித்தேன். பாஸ்டனில் வேலை போன ஒரு பெண், பத்திரிகை விளம்பரத்துக்குப் பதில் எழுதி, ரயிலேறி நெப்ராஸ்கா போய், மனைவியை இழந்த ஒருவரை அன்றைக்கே மணந்துகொள்கிறாள். பாதிப் புத்தகம் வரை மாடு, சோளம், பிள்ளைகளுக்குக் காய்ச்சல்! காதல் எங்கே? இப்படியெல்லாம் நிஜமாகவே நடந்ததா?

பதில்: நடந்தது. மணமக்கள் தேடுவதற்கென்றே அப்போது அங்கே பத்திரிகைகள் வந்தன. 1862இல் வந்த குடியேற்ற நிலச் சட்டப்படி 160 ஏக்கர் கிடைக்கும், ஆனால் 5 வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ய வேண்டும், நடுவில் 6 மாதத்துக்கு மேல் நிலத்தை விட்டுப் போனால் உரிமை போய்விடும். அப்படி நிலம் எடுத்தவர் பெண் தேடி ஊர் ஊராக எங்கே அலைவது? கடிதம்தான் வழி. 1869இல் கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை முடிந்தபிறகு, முன்பு மாட்டு வண்டியில் மாதக்கணக்கில் போன தூரத்தைச் சில நாட்களில் கடக்க முடிந்தது.

காதல் எங்கே என்று கேட்டீர்களே, அந்த மாட்டிலும் காய்ச்சலிலும்தான் இருக்கிறது. மரமே இல்லாத புல்வெளி அது, மண்ணைப் புல்வேரோடு கட்டி கட்டியாக வெட்டி அடுக்கியதுதான் வீடு, அடுப்பெரிக்கக் காய்ந்த சாணம்; அந்த வீட்டில் இறந்துபோன அம்மாவின் ரொட்டிச் சட்டியைப் புதியவள் தொடக் கூடாதென்று மூத்த பெண் ஒளித்து வைக்கிறாள் என்று வையுங்கள், புதியவளும் அதைக் கேட்காமல் வேறு பாத்திரத்தில் சமாளிக்கிறாள், கணவர் இரண்டையும் கவனித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். எனக்கு நூறு முத்தக் காட்சிகளைவிட இது பெரிது. பிள்ளைகள் அவளை ஏற்றுக்கொள்ளும் வேகத்தில்தான் அவரும் அவளை நெருங்குகிறார். குடும்பத்தைத் தள்ளிவிட்டுக் காதலை மட்டும் தேடிப் பக்கம் புரட்டினால் இந்த நாவல்கள் சப்பென்றுதான் தெரியும்.

கேள்வி: இன்னொரு நாவலில் நாயகி தன் பெயரிலேயே நிலம் வைத்திருக்கிறாள். அந்தக் காலத்தில் அது சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான். அதே 1862 சட்டத்தில் 21 வயதான, மணமாகாத பெண்ணும் விதவையும் விண்ணப்பிக்கலாம். கணவரோடு வாழும் பெண்ணுக்குத்தான் பொதுவாக அந்த உரிமை இல்லை. அதனால் நாயகி நிலம் கைக்கு வரும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டால் அவளைப் பிடிவாதக்காரி என்று நினைக்காதீர்கள்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஆரிகனில் கதை நேர் எதிர். அங்கே 1850ஆம் ஆண்டுச் சட்டம் தனி ஆணுக்கு 320 ஏக்கரும், தம்பதிக்கு 640 ஏக்கரும் தந்தது, அதில் பாதி மனைவியின் பெயரில். உடனே ஆண்கள் அவசர அவசரமாகப் பெண் தேடினார்கள், சின்னஞ்சிறு பெண்களைக்கூட மணந்தார்கள். நாவல்கள் இதை இனிப்பாக மாற்றிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நிலம் பூர்வகுடிகளிடமிருந்து எடுத்தது என்பதையும் பல நாவல்கள் ஒரு வரிகூடச் சொல்லாமல் தாண்டிப் போகின்றன. அதைச் சொல்லிவிட்டு, அந்த மண்ணில் இரண்டு பேர் எப்படி ஒருவரையொருவர் நம்பினார்கள் என்று எழுதும் நாவல் கிடைத்தால் விடாதீர்கள், எனக்கும் பெயரை எழுதி அனுப்புங்கள்.